சாமி அலமாரியில் ஒரு போன்

பதிமூன்று வருஷமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதுகிறேன். திரைக்கதை வேறொருவர், வசனம் இன்னொருவர். யார் யாரைக் கெடுக்க வேண்டும், யாருக்கு எப்போது பிள்ளை உண்டாக வேண்டும், யார் எந்த வாரம் சாக வேண்டும் என்பதுதான் என் பொறுப்பு. சேனல் சென்னையில். நான் ஹைதராபாத்தில், அல்வாலில் ஒரு மூன்றாவது மாடியில். கணவருக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. மாற்றலில் வந்தோம், அப்படியே தங்கிவிட்டோம். காலை பத்து மணிக்குச் சேனலிலிருந்து போன் வரும். அதற்குள் நாளைக்கு யார் அழுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் அந்த போனுக்காகக் காத்திருந்தேன். இப்போது அது அடித்தாலே எரிந்து விழத் தோன்றுகிறது.

எண்ணூறு எபிசோட் ஓட்டுவதற்குச் சொந்தச் சரக்கு எத்தனை நாள் வரும்? அக்கம்பக்கத்தில் கை வைக்கத்தான் வேண்டும். நான் அதிகம் கை வைத்தது மேல் மாடி அக்காவிடம். பக்கத்தில் திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. வீட்டில் ஓடுவது தெலுங்குச் சேனல். "தமிழ் சீரியலா? நக்கோம்மா, வேணாம், பாதி வார்த்தை தலைக்கு மேல போகுது" என்பார். அந்தத் தைரியம் எனக்கு. இந்த ஊரில் என் தொடரை யார் பார்க்கப்போகிறார்கள்?

சாயங்காலம் இருவரும் மொட்டைமாடியில் நடப்போம். அக்கா தனியாக இருப்பவர். ஒரே மகன், தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, "அப்போ வெளிய போ" என்று அக்காவே சொல்லிவிட்டார். அவனும் போய்விட்டான். போகிற வேகத்தில் போனை மேஜைமேல் விட்டுவிட்டுப் போனான். நாலு வருஷமாக அந்த போன் அக்காவின் சாமி அலமாரியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் பிளக் இருக்கிறது. தினமும் விளக்கேற்றிவிட்டு அதைச் சார்ஜில் போடுவார். நூறு காட்டும்வரை எடுக்க மாட்டார்.

"கைக்கு அக்கா இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன், 'எதற்கு' என்பதை அவர் கலந்து பேசும் இந்த ஊர் உருதுவிலேயே.

"என்னிக்காவது வந்து கேப்பான்ல? செத்துப்போன போனையா எடுத்து நீட்டறது?"

அந்த வாரமே எழுதிவிட்டேன். பிள்ளையார், பிளக், நூறு, ஒன்றையும் விடவில்லை. வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் சேனல்காரர் குதித்தார். "அம்மா சென்டிமென்ட் பிச்சுக்கிட்டுப் போகுது மேடம், இதையே இழுங்க." இழுத்தேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அன்றைக்கு வேலை முடிந்த நிம்மதிதான் இருந்தது.

பிறகு மகனாக நடித்த பையனுக்கு வேறு தொடரில் கதாநாயகன் வேஷம் கிடைத்தது, போய்விட்டான். வழக்கமாக 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டையைப் போட்டுப் புது முகத்தைக் கொண்டுவந்துவிடுவோம். சேனல்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "செத்துட்டான்னா ஒரு வாரம் அழலாம் மேடம்" என்றார்.

சாகடிப்பதில் எங்கள் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. முகத்தைக் காட்டக் கூடாது. கார் பள்ளத்தில் உருளலாம், ஆற்றில் சட்டை மட்டும் மிதக்கலாம், வெள்ளைத் துணியால் தலையோடு மூடியிருக்கலாம். முகம் தெரியாதவரை நூறு எபிசோட் கழித்துக்கூட வாசல் மணியை அடித்துத் திரும்பி வரலாம். நானும் அப்படி எத்தனையோ பேரைத் திரும்ப அழைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அந்தக் காட்சியை நாலு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள், அழுகை போதவில்லையாம். ஐந்தாவது தடவை, தாய் துணியை விலக்கி மகன் முகத்தைப் பார்த்துக் கதறுகிறாள் என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். உடனே சரி என்று பதில் வந்தது.

அதே தொடரைத் தெலுங்கில் டப் செய்து மத்தியானம் இரண்டு மணிக்குப் போடுகிறார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கதை எழுதுகிறவளிடம் யார் சொல்வார்கள்? ஒருநாள் இரண்டரை மணிக்கு அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டிவியில என் பிள்ளையாரைப் பாத்தேன். என் போனையும் பாத்தேன். நீ எழுதினதா?"

ஆமாம் என்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. முன்னால் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அந்தப் பையன் வர்றானா?"

தெலுங்கு ஒளிபரப்பு எங்களைவிட நாலு மாதம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. தமிழில் அவனுக்குக் காரியமே முடிந்திருந்தது. "வருவான் அக்கா" என்றேன்.

"ஹவ், ஆமா! எனக்குத் தெரியும்" என்று எழுந்து போனார். படியேறும்போது முழங்கால்வலிக்காரர்போல இல்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் என் ஓட்டம். சேனலுக்குப் பேசினேன், அவனை எப்படியாவது திருப்பிக்கொண்டுவரலாமா என்று. "முகத்தைக் காட்டிட்டீங்களே மேடம்" என்று எனக்கே பாடம் நடத்தினார்கள். பேகம்பேட்டில் டப்பிங் நடக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். தெலுங்கு வசனம் எழுதுகிறவர் நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தார். செத்தது அவனில்லை, அவன் சாயலில் வேறு ஒருவன் என்று வசனத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவரும் யோசித்துப் பார்த்தார். பிறகு, படத்துக்கு மாலை போட்டுத் தாய் தினமும் கும்பிடுகிறாளே, அதற்கு நான் என்ன வசனம் எழுதுவது என்று கேட்டார். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அக்கா மொட்டைமாடியில் தினமும் கதையைச் சொல்லிக்கொண்டு வருவார், எழுதியவளிடமே. நான் தலையாட்டுவேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கோழைத்தனம்தான், வேறென்ன? கடைசியில் அந்த எபிசோட் வரும் நாளே வந்துவிட்டது. ஒன்றே முக்காலுக்கு மாடி ஏறினேன். அக்கா சாப்பிட்டுவிட்டு டிவியைப் போட்டு வைத்திருந்தார், விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நின்றபடியே சொன்னேன். நடிகன் போனது, சேனல் சொன்னது, காய்ச்சல், எல்லாவற்றையும் கொட்டினேன். இன்றைக்கு அவன் செத்துவிடுவான் அக்கா, பார்க்காதீர்கள் என்றேன்.

அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"நீ எடுத்துக்கிட்டேன்னு எனக்குக் கோபம் இல்லம்மா" என்றார். "எடுத்தவ பத்திரமா வெச்சிருக்க வேணாமா?"

எழுந்து சாமி அலமாரிக்குப் போய் போனைத் தொட்டுப் பார்த்தார். வயர் சரியாகத்தான் மாட்டியிருந்தது. இருந்தாலும் ஒருமுறை பிடுங்கி மறுபடி செருகினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. படியில் பார்த்தால் சிரிப்பார், வெயிலைப் பற்றிச் சொல்வார், லிஃப்ட் ரிப்பேரைத் திட்டுவார். மொட்டைமாடிக்கு மட்டும் வருவதில்லை. நான் அதே தொடரை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் மருமகளுக்கு இப்போது ஞாபகமறதி நோய்.

போன மாதம் காய வைத்த துணியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து இறங்கும்போது, அக்கா வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஆண்கள் ஷூ கிடந்தது, லேஸை அவிழ்க்காமலேயே கழற்றியது. பக்கத்தில் சின்ன அளவில் பெண்கள் செருப்பு. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மணிவரை விரல் போனது, அடிக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா காய்கறிப் பை இரண்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு காய் எதற்கு? ஒரு பையை வாங்கிக்கொண்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

"என்னக்கா, வீட்டுல விசேஷமா?"

அவர் என் கையிலிருந்த பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டுல தண்ணி வந்துச்சா?"

"வந்தது அக்கா" என்றேன்.