டாக்டரிடம் நான் சொன்ன பதில்

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தார். நான் அங்கேயே ஆறாம் வகுப்பு படித்தேன். சாக்பீஸைக் கரும்பலகையிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் இந்திய வரைபடம் போட்டுவிடுவார் என்பது அவருடைய புகழ். காஷ்மீரில் ஆரம்பித்து, குஜராத்தைச் சுற்றி, கன்னியாகுமரியில் ஒரு நொடி நின்று, வங்காளம் வழியாக ஏறி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். வாத்தியார் பெண் என்ற கர்வத்தில் நான் மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த பிறகு அப்பாவின் உடம்பு மாறத் தொடங்கியது. கையும் காலும் மெலிந்தன. வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. அம்மா பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றினால் வார் அழுத்திய பள்ளம் வெகுநேரம் அப்படியே இருக்கும். நான் அதற்குப் பக்கத்தில் விரலால் அழுத்தி இன்னொரு பள்ளம் செய்து விளையாடுவேன். இரண்டு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பார். பகலெல்லாம் தூங்கி வழிவார். வாயுத் தொல்லை என்று அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வகுப்பில் வரைபடம் போட ஆரம்பித்தார். குஜராத் வரவேயில்லை. கோடு கீழே போய், திரும்பி, தன்னையே வெட்டிக்கொண்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். இந்த முறை கோடு பலகையின் ஓரம்வரை போய் மரச்சட்டத்தில் முட்டி நின்றது. எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். நாக்கு குழறியது.

பின்வரிசையில் ஒருவன் கிசுகிசுத்தான். "டேய், சார் தண்ணி போட்டுக்கினு வந்துகீறாருடா."

வகுப்பே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆட்டோ பிடித்து வந்த பியூன்தான் ஆறுதலாகப் பேசினார். "இன்னா பண்றது பாப்பா, மன்சன்னா அப்டி இப்டிதான். வூட்டாண்ட போனதும் மோர் குடுக்கச் சொல்லு, எறங்கிடும்."

எது இறங்கும் என்று எனக்குப் புரிந்தது. நல்ல மனிதர் அவர், பொய் சொல்லமாட்டார்.

ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியபோது அப்பா என்னை உற்றுப் பார்த்தார். "நீ எந்தக் கிளாஸ்மா?" என்று கேட்டார்.

"சிக்ஸ்த் பி," என்று சொன்னேன்.

வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து அம்மா அவரை இறக்கவேயில்லை. முகத்தைப் பார்த்தாள், தானும் ஏறிக்கொண்டாள். அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வயதான டாக்டர் அப்பாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. உள்ளங்கைகள் மருதாணி இட்டதுபோல் சிவந்திருந்தன. "வர்ற பஸ்ஸை நிறுத்தற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க," என்றார். அப்பா நீட்டினார். கைகள் நிற்காமல் மணிக்கட்டில் விழுந்து விழுந்து எழுந்தன.

டாக்டர் கேட்டுக்கேட்டு எழுதினார். வயிறு எப்போதிலிருந்து வீங்கியிருக்கிறது? ரத்த வாந்தி உண்டா? மலம் கறுப்பாகப் போகிறதா? முன்பு காமாலை வந்ததா? அம்மா ஒவ்வொன்றுக்கும் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள்.

"எத்தனை வருஷமா குடிக்கிறார்?"

"அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர். காபிகூட ஒரு வேளைதான்."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "ஈரல் கெட்டுப் போயிருக்கும்மா. அந்த விஷம்தான் தலைக்கு ஏறிக் குழப்புது. நீங்க மறைச்சீங்கன்னா அவருக்குத்தான் ஆபத்து. உண்மையைச் சொன்னாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்."

"சத்தியமா இல்லை," என்றாள் அம்மா.

அம்மா மானத்துக்குப் பயந்து அப்பாவைச் சாகவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"குடிப்பாரு," என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

அவர் ஒரு வரி எழுதிப் பேனாவை மூடினார். அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. என் தோளில் இருந்த அம்மாவின் கை மெதுவாக இறங்கியது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது.

அப்பாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். பேதியாகும்படி ஒரு தித்திப்பு மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தெளிந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்கு வந்த ஓர் இளம் பெண் டாக்டர், எழுதியிருந்ததைப் புரட்டிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அவரிடமே கேட்டார். எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்றும் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது இரண்டு பாட்டில் ஏற்றினார்கள் என்றார் அப்பா. பரிசோதனையில் ஈரலைத் தின்னும் கிருமி தெரிந்தது. அந்த ரத்தத்தோடு வந்திருக்கலாம் என்றார்கள். உப்பில்லாச் சோறும், அவ்வப்போது வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுப்பதுமாக அப்பா இன்னும் நான்கு வருஷம் இருந்தார். நான் சொன்னதை அம்மா அவரிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எனக்கு மறக்காதது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான். பக்கத்து வீட்டு மாமாவை அப்பாவுக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அம்மாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். அவள் விளக்கைப் போட்டதும் அப்பாவின் அட்லஸ்களுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தேடித் துழாவினாள். எதுவும் அகப்படவில்லை. பிறகு அழுக்குத் துணிக் கூடையைத் தரையில் கவிழ்த்து, அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் அழுத்தி, மூச்சை நீளமாக இழுத்தாள். ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அதற்குள் அப்பாவுக்காக இப்படி ஏங்குகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கொடியில் கிடந்த சட்டையையும் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.