காலண்டர் தாளில் எண்ணெய்ச் சொட்டு

கடியப்பட்டணத்தில், படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றிலிருந்து இரும்பு கடையும் அந்தப் பழைய லேத்தை வாங்கி வந்தேன். சுரண்டிய துருவே ஒரு ஓலைக் கடவப்பெட்டி நிறைய வந்தது. பழைய பட்டறை இயந்திரங்களைப் புதுக்கி விற்பது என் பிழைப்பு. யாரும் சொல்லித் தரவில்லை; கழற்றிக் கழற்றிப் படித்ததுதான்.

பெயின்ட் காயும் முன்பே ஆள் வந்துவிட்டார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். வளைகுடாவில் பதினேழு வருடம் லேத்தில் நின்றவர், விடுப்பில் வந்திருந்தார். சொந்த லேத் ஒன்று ஒழுங்காக ஓடினால் ஊரிலேயே இருந்துவிடுவது, இல்லையென்றால் திங்கட்கிழமை விமானம் ஏறுவது. புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தது இதுதான்.

ஓட்டிப் பார்த்தோம். சத்தம் சுத்தமாக இருந்தது. அரைமணி நேரம் ஆனதும் கியர் பெட்டியின் கழுத்திலிருந்து, தண்டு வெளியே வரும் இடத்தில், எண்ணெய் சொட்டத் தொடங்கியது.

"எண்ணெ வத்தினா கியர் கடிச்சுப் போவும் ஓய். ஒழுகுத மெஷின நம்பி நான் விசாவ விட முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி.

தண்டைச் சுற்றியிருந்த ஆயில் சீல் வளையத்தை மாற்றினேன். ஒழுகியது. மூடிக்குப் புதுப் பேக்கிங் வெட்டிப் போட்டேன். ஒழுகியது. கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் ஒழுகியது. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். பேய்க்குப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

தினமும் காலையில் அவர் மனைவியும் கூட வருவார். வீட்டுக் காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்துக் கொண்டுவந்து, வெள்ளைப்புறம் மேலே தெரியும்படி லேத்துக்கு அடியில் விரிப்பார். சொட்டு விழுந்தால் மடித்து எடுத்துப் போவார். அதற்கு இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை இருவரும் பிந்தி வந்தார்கள்.

"காலத்த புட்டு அவிச்சேன் அண்ணே. குழலுக்கு அடியில போடுத ஓட்டச் சில்லு அடைச்சிருந்தத பாக்கல. ஆவி மேல ஏறாம, குடத்துக் கழுத்து வழியா சீறிட்டு வருது. நானும் துணியச் சுத்திச் சுத்திப் பாத்தேன். கேக்குமா? சில்லக் கழுவினப்பந்தான் அடங்கிச்சு," என்றார் மனைவி.

"அதுக்கு முன்னால அவிச்ச வேகாத புட்டு என் வயித்துல கெடக்கு," என்றார் கணவர்.

"ரெண்டு குழல் உள்ள போன பிறவுதானே உங்களுக்குக் குத்தம் தெரிஞ்சுது?"

நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். லேத் குளிர்ந்திருக்கும்போது ஒழுகுவதில்லை. சூடான பிறகுதான் ஒழுகுகிறது. உள்ளே சூடாகும் காற்று எங்கேயாவது வெளியேறியாக வேண்டும். அதற்கென்று கியர் பெட்டியின் மூடியில் ஒரு துளை இருக்கும். இதில் அது எங்கே?

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். சுத்தம் செய்தபோது மூடியில் ஒரு சின்னத் துளை இருந்தது. வலை நூலும் மெழுகும் திணித்து அடைத்திருந்தார்கள். கடற்கரையில் உப்புக்காற்றுக்குப் பயந்து இரும்பில் எந்த ஓட்டையையும் திறந்து போட மாட்டார்கள். ஓட்டும்போது எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப அடைத்திருப்பார்கள். நானோ, ஏதோ ஸ்க்ரூ தொலைந்த ஓட்டை என்று நினைத்து, மெழுகைக் கிள்ளி எறிந்து, பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் பச்சை பெயின்ட் அடித்துவிட்டேன். துளை இருந்த இடத்தை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமை வேறு. இப்போது என்னாலேயே முடியவில்லை.

மூடியைக் கழற்றித் திருப்பினேன். அடிப்புறத்தில் துளை தெரிந்தது. அங்கிருந்தே துளைத்துத் திறந்து, தூளைத் துடைத்து, தூசி விழாதபடி வளைந்த சின்னக் குழாய் ஒன்றைச் செருகினேன்.

கழுத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். அரைமணி ஆயிற்று. டீ வந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. தாள் வெள்ளையாகவே கிடந்தது. மெஷினை நிறுத்தியதும் அவர் விரலை விட்டுக் கழுத்தைத் தடவி, தன் வெள்ளை வேட்டியிலேயே துடைத்துப் பார்த்தார். கறை இல்லை. அப்போதுதான் நான் மூச்சை விட்டேன்; நானும் அதுவரை அடைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான். தொளைய அடைச்சது நான்," என்றேன்.

"மூக்கப் பொத்தி வச்சிட்டு நாலு நாளா வாய்க்கு வைத்தியம் பாத்தீராக்கும்!" என்று கணவர் கைகொட்டிச் சிரித்தார். நல்ல வாக்கு. அன்றிலிருந்து நானும் பல பேரிடம் எடுத்துவிட்டிருக்கிறேன்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வளைகுடா போர்மேனிடம் ஹிந்தியில் பேசுவது கேட்டது. அவர் மனைவி லேத்தைப் பார்ப்பதுபோல நின்றார். காது முழுக்க வாசலில்.

"என்னண்ணு சொல்லுதாவ அண்ணே?"

எனக்கு அந்த ஹிந்தியில் இல்லை என்னும் 'நஹீ' மட்டும்தான் விளங்கியது. அது நாலு தடவை வந்தது.

"வரல்லேண்ணு சொல்லுதாரு."

பக்கத்தில் கிடந்த எண்ணெய் டின்னில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார் அவர் மனைவி.