பெட்டிக்குள் இருந்த கூறை

நான் ஒரு பொய் சொன்னேன். என் கொட்டில் வாசலில் வந்து கேட்டவளிடம் என்னிடம் சீலை இல்லை என்றேன். இருந்தது. மறுநாள் அவள் செத்துப்போனாள்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை... அதனால் எழுதுகிறேன்.

வன்னியில் கடைசிச் சண்டை நேரம். இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் பங்கர் வெட்டினோம். அதன் மேலேயும் வாசலிலும் மண்மூட்டை அடுக்க வேண்டும். சாக்கு கிடைக்கவில்லை. பெண்கள் தங்கள் சீலைகளைக் கொண்டுவந்தார்கள். என்னிடம் ஒரு கைமெஷின் இருந்ததால் எல்லோரும் என்னிடமே வந்தார்கள். நூல் சீலை, நைலெக்ஸ், கோயிலுக்குக் கட்டுகிற பட்டு, எல்லாவற்றையும் வெட்டிப் பையாகத் தைத்தேன். ஒரு சீலையில் ஆறு மூட்டை வரும்.

பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்த மல்லிகா தன் கூறைச்சீலையையே கொண்டுவந்தாள். "தாலி கட்டின சீலை அக்கா, கோணாமல் வெட்டுங்கோ" என்று சிரித்தாள். நேராகத்தான் வெட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்தாள்.

"அக்கா, வாசலுக்கு மட்டும் மூட்டை போதாமல் கிடக்கு. பழசு கிழிசல் ஏதும் இருக்கே?"

"இல்லையடி. என்ரை எல்லாம் தைச்சுப்போட்டன்."

"ஓம், இருந்தால் நீங்கள் தராமல் விடுவியளே?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் கூறை தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. செத்துப்போன கணவரின் நினைவாக வைத்திருந்தேன் என்று எழுதினால் நீங்கள் இரங்குவீர்கள். உண்மை அதுவல்ல. அந்த அரக்கு நிறத்திலும் சரிகைக் கரையிலும் எனக்கு ஆசை. எனக்கென்று இருந்த ஒரேயொரு வடிவான சாமான். அதற்குள் மண்ணைக் கொட்ட மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் கிபிர் விமானம் வந்தது. குண்டு தூரத்தில்தான் விழுந்தது. ஆனால் ஒரு சிதறுதுண்டு மல்லிகாவின் பங்கர் வாசலால் உள்ளே போனது. அவள் வாசல் பக்கமாக இருந்து, ஐந்து வயது மகள் சுகந்தியைத் தனக்குப் பின்னால் வைத்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆறு மூட்டை அந்தத் துண்டை மறித்திருக்குமா? மறிக்காமலும் போயிருக்கலாம். எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில், வயதான அம்மா ஒருவரைப் பராமரிக்கிறேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். மாமியோடு வளர்ந்த சுகந்தியும் இங்கேதான். வியா மக்வேதாத் தெருவில் ஒரு கடையில் வேலை. அவள் தாய் என்னை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா என்ற பட்டம். ஞாயிறு தவறாமல் வருவாள். என் கால் நகம்கூட அவள்தான் வெட்டிவிடுகிறாள். உங்களுக்கு விளங்குகிறதா, அந்த நேரம் என் கால் எப்படிக் கூசும் என்று?

போன மாதம் கடற்கரையில் ஒரு நினைவு நாள். அந்தக் காலத்து உலக யுத்தத்தில் இந்த நகரத்தில் குண்டு போட வந்த விமானம் ஒன்று, பக்கத்து ஊரான பகேரியாவுக்கு அப்பால் கடலில் விழுந்ததாம். அதில் இருந்தவர்களுக்கு மரியாதை செய்ய ஒரு பழைய விமானம் பறந்துவந்து பூப் போடும் என்றார்கள். சிஞ்ஞோரா போகத்தான் வேண்டும் என்று நின்றார். அந்தக் குண்டுகளில்தான் அவருடைய அக்கா செத்தவர். இடிந்த அவர்கள் வீட்டு நிலம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது, அதில் கார் நிறுத்துகிறார்கள்.

சுகந்தி சக்கர நாற்காலியைத் தள்ளினாள். கடற்கரையில் அந்த விமானக்காரரின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் பொடியங்கள். ஒருவனுக்குக் காது இரண்டும் தொப்பிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"மீசைகூட முளைக்கவில்லை, பார்" என்றார் சிஞ்ஞோரா. "மேலேயிருந்து இவனுக்கு என் அக்கா தெரியவில்லை. தெரிந்திருந்தால் போட்டிருப்பானா? இந்த வயதுவரை அதைத்தான் யோசிக்கிறேன்."

எனக்கு அந்தப் பையனில் கோபம் வரவில்லை. பாவம், அவன் யாரையும் காணவில்லை. நான் கண்டேன். மூன்றடி தூரத்தில் மல்லிகாவின் முகத்தைக் கண்டுகொண்டுதான் இல்லை என்றேன்.

அப்போது சத்தம் வந்தது. என்ன செய்தேன் என்று தெரியாது. சுகந்தியை இழுத்து, நாற்காலிக்குப் பின்னால் நிலத்தோடு அமுக்கி, அவளுக்கு மேலே கிடந்தேன்.

"பெரியம்மா, எழும்புங்கோ. பூப் போடுற பிளேன் இது. சனம் பாக்குது."

"என்னை மட்டும் குண்டுக்கு விட்டுவிட்டாயே" என்று மேலேயிருந்து சிஞ்ஞோரா சிரித்தார்.

எழும்பினேன். பூக்கள் கடலில் மிதந்தன. சனம் கைதட்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. சுகந்தி என் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். இப்போது சொல்லாவிட்டால் இனிச் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"பிள்ளை, உன்ரை அம்மா..."

"அம்மாவைப் பற்றித்தான் நானும் கதைக்க இருந்தனான்" என்று அவள் முந்திக்கொண்டாள். "என்ரை கலியாணத்துக்குக் கூறை மாப்பிள்ளை வீட்டார் தருவினம். அதுக்கு முதல் கலியாண எழுத்து வருதெல்லே, அந்தப் பதிவுக்கு உங்கடை கூறையைக் கட்டட்டே? அலுமாரிக்கை கண்டனான். அம்மான்ரைதான் பங்கருக்குப் போயிட்டுதே. உங்கடையைக் கட்டினால் அம்மா பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்கும்."

"நான் புருசனைப் பறிகுடுத்தவள். என்ரை சீலை கூடாது" என்றேன். பாருங்கள், அப்போதும் ஒளிக்க ஒரு மறைப்புத் தேடினேன்.

"உந்தக் கதையை விடுங்கோ. எனக்கு நீங்கள் இருந்தால் காணும்."

ஓம் என்றேன்.

நேற்று சீலைக்குச் சட்டை அளவு எடுக்க வந்தாள். அந்தச் சீலையை அவள் தோளில் போட்டு, கொசுவம் பிடித்து ஊசி குத்தினேன். அரக்கு நிறம் அவளுக்கு நல்ல எடுப்பு. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"எல்லாற்றை சீலையும் போக, இது மட்டும் எப்பிடிப் பெரியம்மா தப்பினது?"

என் உதடுகளுக்கிடையில் நாலு ஊசி இருந்தன. வாயில் ஊசி வைத்திருப்பவள் பேச முடியாது. எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம்... எடுக்கவில்லை.

"நல்ல காலம், என்ன?" என்று அவளே சொன்னாள்.

தலையாட்டினேன்.

அவள் போனபிறகு சீலையை மேசையில் விரித்து மடித்தேன். கத்தரிக்கோல் கையில் இல்லை. ஆனாலும் விரல்கள் சாண் போட்டுப்போட்டு மடிப்புகளை எண்ணின. ஆறு மூட்டை. துணி மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.