கங்கையில் குளித்த தேவதை மீன்

பம்பாய் மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மீன், மாமிசம் கூடாது. வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை அது. மீறினால் காலி செய்ய வேண்டும். அதில் எனக்கு அன்றும் ஆட்சேபணை இல்லை, இன்றும் இல்லை. விதியைக் காவல் காத்தவர்களே அதைப் படித்துப் பார்க்காததுதான் என் வயிற்றெரிச்சல்.

நாற்பதுகளில், யுத்தம் முடிந்த சமயம். என்னோடு கல்லூரியில் படித்தவன் கப்பலில் வேலையாக இருந்தான். ஆப்பிரிக்காவில் மொம்பாசாவுக்குப் போய்த் திரும்பியபோது, அங்குள்ள பவளப்பாறையில் பிடித்த ஒரு மீனை மிட்டாய்க் கடை ஜாடியில் உயிரோடு கொண்டுவந்து கொடுத்தான். கட்டைவிரல் நீளம் இருக்கும். உடம்பு கருநீலம், முகத்திலிருந்து முதுகு வரை பழுத்த ஆரஞ்சு. வெள்ளைக்காரர்கள் தேவதை மீன் என்பார்களாம். அந்தக் குடும்பத்தில் இது குள்ள வகை. "கடல் தண்ணி மாத்திரம்தான். குழாய்த் தண்ணியில போட்டா செத்துடும்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனான்.

என் மனைவி அப்போதுதான் பாலக்காட்டிலிருந்து வந்திருந்தாள். ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது. நான் ஆபீஸ் போனால் மூன்றாவது மாடி அறையில் அவளும் நாலு சுவரும்தான். மீன் வந்த பிறகு அவளுக்குப் பேச ஆள் கிடைத்தது. நான் மாஹிம் போய்க் குடத்தில் கடல் தண்ணீரும், பாசி பிடித்த கல்லும் எடுத்து வருவேன். மீன் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து பாசியைக் கொறிக்கும். "பாருங்கோ, இதுவும் நம்மளவாதான், சுத்த சைவம்" என்பாள்.

விஷயம் குடித்தனக்காரர் கமிட்டிக்குப் போயிற்று. காரியதரிசி கீழ்த்தளத்துக்காரர், ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க். எதற்கெடுத்தாலும் கூட்டம் போடுவார். விதியில் இருப்பது சமைப்பதும் உண்பதும்தான், வளர்ப்பது அல்ல என்று நான் எடுத்துச் சொன்னேன். பசு மாடும் மாமிசத்தால் ஆனதுதானே, பால் வாங்காமல் இருக்கிறோமா என்றும் கேட்டேன். அதை யாரும் ரசிக்கவில்லை. கடைசியில் ஒரு தீர்மானம்: ஜாடியில் பூஜைக் கரண்டியால் ஒரு உத்தரணி கங்கா ஜலம் விட்டுச் சுத்தி செய்தால் மீன் இருக்கலாம். ஒரு உத்தரணியால் கெடுதல் இல்லை என்று நானும் கையெழுத்துப் போட்டேன். கடல் தண்ணீர் மாத்திரம்தான் என்பதையும் கூட்டத்திலேயே சொன்னேன்.

மறுநாள் நான் ஆபீசில் இருந்தபோது காரியதரிசி செம்போடு மாடியேறி வந்திருக்கிறார். ஜாடியை முகர்ந்து பார்த்து, இந்த நாற்றத்தில் கங்கையை விடுவதாவது என்று, கடல் தண்ணீர் முழுவதையும் குளிக்கும் மூலை ஜலதாரையில் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மேலே கங்கையை விட்டிருக்கிறார். அதற்கு உப்பு ஜலம்தான் வேண்டும் மாமா என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாளாம்.

"மீனுக்கு ஜலம் போறாதாம்மா? கங்கையைவிட ஒசந்த ஜலம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பக்கத்தில் கடல் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. மாஹிமுக்கு அவளுக்கு வழி தெரியாது. சாயங்காலம் நான் வந்தபோது மீன் பக்கவாட்டில் மிதந்தது. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. அவள் அழவில்லை, ஜாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் செய்தி கீழே எட்டிவிட்டது. காரியதரிசி கமிட்டியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். கட்டடத்தில் செத்த மீன் கிடக்கிறது, விதிப்படி உடனே அகற்ற வேண்டும், மாடிப்படியையும் அலம்பிவிட வேண்டும் என்றார். நேற்றுவரை இந்தக் கட்டடத்தில் செத்த மீன் என்று ஒன்று இருந்ததே இல்லை, முதல் மீனைத் தயாரித்துக் கொடுத்தது கமிட்டிதான், விதிப்படி காலி செய்ய வேண்டியவர் யார் என்று நான் ஆரம்பித்தேன். வாதம் வலுவானது. இன்றைக்கும் அதற்குப் பதில் கிடையாது.

என் மனைவி என்னை முடிக்கவிடவில்லை. வேற்று ஆண்களோடு முகம் பார்த்துப் பேசாதவள், ஜாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"உசிரோட இருந்தவரைக்கும் இது எங்காத்து ஜீவன், மாமா. இப்பத்தான் மீன். நீங்க பண்ணினது, நீங்களே எடுத்துண்டு போங்கோ."

ஜாடியை அவர் கையில் வைத்தாள். கூட வந்த இருவரும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். காரியதரிசி அதை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன.