கால்மணி அக்கா தன் திட்டத்திலேயே பயணம் போனது

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் கால்மணி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதலாளிகூட அப்படித்தான். பயணத் திட்டம் போடும்போது எதையும் கால்மணிக் கணக்கில்தான் எழுதுவார். பஸ்ஸில் ஏற கால்மணி, உடை மாற்ற கால்மணி, அருவி பார்க்க முக்கால் மணி. "அருவி என்ன பேசவா போகுது, முக்கால் மணிக்கு மேல நின்னு கேக்கறதுக்கு?" என்பார்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு விடுமுறைப் பயணம் ஏற்பாடு செய்வது எங்கள் தொழில். வெறும் கோல்ஃப் என்றால் ஆடுகிறவர் மட்டும் வருவார். காட்டுக்குள் சஃபாரி, ஒரு கோட்டை, ஒரு ஏரி என்று நாலு இடத்தைச் சேர்த்தால்தான் அவர் மனைவியும் வருவார், மச்சானும் வருவார், பஸ்ஸும் நிறையும். அந்தக் கலவையைப் போடுவதில் அக்கா கெட்டிக்காரர். நான் பக்கத்து மேஜை, விமான டிக்கெட் பார்ப்பவன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அலுவலகம். ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி, அதற்குப் பக்கத்தில் அக்காவின் நாற்காலி, எதிர்ச்சுவரில் பெரிய வரைபடம். அந்த வரைபடத்தில் ஒரு சாண் வைத்தால் இரண்டரை மணி நேரப் பயணம் என்பது அக்காவின் கணக்கு. எழுந்து போய்ச் சாண் போட்டுப் பார்த்துவிட்டு வந்து தட்டச்சு செய்வார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தார். கோல்ஃபில் முதல் பந்தை அடிக்க ஒதுக்கித் தரும் நேரத்துக்கு டீ டைம் என்று பெயர். அது தெரியாமல் முதல் வாரத்தில் ஒரு கிளப்புக்குப் போன் செய்து, பதினாறு பேருக்கு டீ, பிஸ்கட் தயாராக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். பதினாறு பேரும் போய் டீயைக் குடித்துவிட்டு, ஆட இடம் கிடைக்காமல் திரும்பி வந்தார்கள். அந்த அவமானத்தில் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். கடைசியில் 'எட்டு நாள், மூன்று மைதானம், இரண்டு காடு' என்ற திட்டத்தைப் போட்டார். பதினேழு வருடமாக எங்களுக்குச் சோறு போடுவது அதுதான்.

ஆனால் அக்கா அந்தப் பாதையில் ஒருநாளும் போனதில்லை. மகள் சின்னவளாக இருந்தாள், அப்புறம் கணவருக்கு மின்சார மீட்டர் அளவெடுக்கும் வேலையில் ஊர் ஊராக மாற்றல், அப்புறம் அக்கா இல்லாவிட்டால் போனை யார் எடுப்பது என்ற கேள்வி. போகவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

போன வருடம், வழக்கமாகக் கூடப் போகும் வழிகாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பயணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"நீங்களே போயிட்டு வாங்கக்கா," என்றார் முதலாளி. "திட்டம் உங்களுக்குத் தலைகீழா தெரியும்."

"தெரியும்தான். அதுல என்ன கஷ்டம்," என்றார் அக்கா.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆடுகிறவர்கள் ஏழு பேர், ஆடாதவர்கள் ஐந்து பேர். கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்றவர். அவர் மனைவியும் வந்திருந்தார். டாக்டரின் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற நீதிபதி. எல்லோரும் அவரை ஜட்ஜ் என்றே கூப்பிட்டார்கள்.

முதல் நாள் காலையிலேயே வினை ஆரம்பித்தது. கோல்ஃப் மட்டைகள் வைக்கும் பை ஒவ்வொன்றும் எட்டு வயதுப் பிள்ளை உயரம் இருந்தது. அப்படி ஏழு பை. பஸ்ஸின் வயிற்றில் பெட்டிகளை வைத்தால் பை போகவில்லை, பையை வைத்தால் பெட்டி போகவில்லை. கடைசியில் மூன்று பைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, உருளாமல் துண்டால் கட்டினார் டிரைவர். கால்மணி என்று எழுதியிருந்த வேலைக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தைத் துரத்திக்கொண்டு அக்கா எட்டு நாளும் ஓடினார். அது அகப்படவே இல்லை.

இரண்டாம் நாள் முதல் மைதானம். பதினெட்டுக் குழிக்கும் பந்தை அடித்து முடிக்க நாலு மணி நேரம் என்று எழுதியிருந்தார். இளவயதுக்காரர்கள் ஆடினால் அப்படி முடியுமோ என்னவோ. இவர்கள் ஐந்தே முக்கால் மணி நேரம் எடுத்தார்கள். ஒரு பந்து புதரில் விழுந்தால் ஏழு பேரும் போய்த் தேடினார்கள். கிடைத்ததும் அங்கேயே நின்று, அது எப்படிப் புதருக்குப் போனது என்று பேசினார்கள். ஆடாத ஐந்து பேரும் கிளப் வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளில் காய்ந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் மனைவி ஒரே பேப்பரை மூன்று தடவை படித்து முடித்துவிட்டு அக்காவிடம், "ஏம்மா, எங்களுக்கு ஏரி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கும்மா."

"இப்பவே நாலரை ஆகுதே."

கடைசிப் படகு போய்விட்டிருந்தது. கரையில் நின்று ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலை காட்டு வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. அனுமதிச் சீட்டில் ஜட்ஜின் பெயருக்கு முன்னால் இனிஷியல் ஒன்று கூடுதலாக இருந்தது. அடையாள அட்டையில் அது இல்லை. காவலர் சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதிகாரி வரட்டும்," என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஆவணத்தில் ஓட்டை பார்த்தவரை ஒரு மரக்கட்டைமேல் உட்கார வைத்துவிட்டார்கள். அதிகாரி வந்தபோது ஏழரை. மிருகங்கள் எல்லாம் நிழலுக்குப் போயிருந்தன. அன்றைக்கு மொத்தம் பார்த்தது மான்களும் ஒரு காட்டெருமையின் பின்பக்கமும்தான்.

"பேரைச் சரிபார்த்து அனுப்புங்கன்னு உங்களுக்கு ரெண்டு தடவை எழுதினேன் சார்," என்றார் அக்கா.

"எழுதினது சரி. நான் பதில் போடலைன்னா போன் பண்ணிக் கேட்டிருக்க வேண்டாமா?" என்றார் ஜட்ஜ்.

ஐந்தாம் நாள்தான் எல்லாம் உடைந்தது. காலை ஆறு மணிக்கு இரண்டாவது காடு, ஒன்பதரைக்கு வெளியே வந்து உடை மாற்றக் கால்மணி, இரண்டு மணி நேரப் பயணம், பன்னிரண்டு இருபதுக்கு டீ டைம். காகிதத்தில் அது அவ்வளவு அழகாக இருக்கும். காட்டிலிருந்து திரும்பும் வழியில் ஒரு யானைக் கூட்டம் பாதையை மறித்துக்கொண்டு நின்றது. ஜீப் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அக்கா கிசுகிசுத்தார்.

"அதை அந்த யானைங்களைத்தான் கேக்கணும்."

நாற்பது நிமிடம். அக்கா போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினார். கிளப்புக்குச் சொல்லியாக வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். யானைகள் ஒருவழியாக நகர்ந்து ஜீப் கிளம்பியபோது டாக்டர் மனைவி அக்காவின் தோளைத் தொட்டு, "அந்தக் குட்டி அம்மா வாலைப் புடிச்சிக்கிட்டே போச்சே, பாத்தியாம்மா?" என்றார்.

"எந்தக் குட்டி?" என்றார் அக்கா.

வெளியே வந்தால் உடை மாற்றப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு பாத்ரூம்தான். கிளப்பில் காலர் வைத்த சட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காட்டுப் புழுதியோடு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். எல்லோரும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு கிளம்பியும் கிளப் போய்ச் சேர மணி ஒன்றரை. ஒதுக்கிய நேரம் வேறு யாருக்கோ போய்விட்டது. அக்கா கவுண்டரில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு இருபதுக்கு இடம் வாங்கினார். பதின்மூன்றாவது குழியில் வெளிச்சம் போய்விட்டது. பந்து எங்கே விழுகிறது என்று தெரியாமல் ஆட்டத்தை அத்தோடு நிறுத்தினார்கள்.

டாக்டர் வராந்தாவுக்கு வந்து கையுறையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார். "இருபது வருஷமா இந்த மைதானத்துல ஆடணும்னு இருந்தேன். அஞ்சு குழி பாக்கி. யாரு இந்தத் திட்டத்தைப் போட்டது? அந்த ஆளு என் கையில கிடைக்கட்டும்."

அக்கா எழுந்து நின்றார். "நான்தான் சார்."

ஜட்ஜ்தான் கேட்டார். "நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"கோல்ஃப் ஆடிப் பாத்திருக்கீங்களா? இல்ல, ஆடறதையாவது?"

"டிவியில."

"எத்தனை வருஷமா இந்தத் திட்டத்துல ஆளுங்களை அனுப்பறீங்க?"

"பதினேழு வருஷமா."

"யாருமே குறை சொல்லலையா?"

அக்கா யோசித்தார். சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும் படிவங்களில் 'கொஞ்சம் அவசரம்' என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வயசானவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அக்கா கோப்பில் போட்டு வைத்திருந்தார். "மன்னிச்சிடுங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை முதலாளிக்குப் போன் போட்டு, கோட்டையையும் அருவியையும் விட்டுவிடலாம், இவர்கள் ஒருநாள் ஆற அமர உட்காரட்டும் என்றார். "பிரசுரத்துல போட்டிருக்கே அக்கா. நாளைக்கு ஒருத்தர் கோட்டையைக் காட்டலைன்னு எழுதினா நான் என்ன சொல்வேன்?" என்றார் முதலாளி. கோட்டைக்குப் போனார்கள். பஸ் நின்றது. பதினொரு பேர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மனைவி மட்டும் இறங்கி, நாலு படி ஏறிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்தக் கோட்டை வாசலில் நின்றுதான் அக்கா மகளுக்குப் போன் செய்தார். மகள் இப்போது வேறு ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

"அம்மா, நம்ம வீட்டு லீவுக்கும் நீதானே திட்டம் போடுவே, அதுல நான் பத்து வருஷம் வந்திருக்கேன்," என்றாள் மகள். "கடல் பாக்க அரைமணி கொடுப்பே. காயறதுக்கு நேரம் இல்லன்னு காலை நனைக்க விடமாட்டே."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னேன்மா. பத்தாவது படிக்கறப்போ சொன்னேன். மத்தவங்க எல்லாம் சந்தோஷமா போறாங்க, உனக்கு மட்டும் என்னடின்னே. அப்புறம்தான் உங்ககூட வர்றதை நிறுத்தினேன்."

பரீட்சைக்காகத்தான் அவள் வருவதில்லை என்று அக்கா அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பி வந்ததும் வேறு திட்டம் போட உட்கார்ந்தார். பதினொரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை அதற்குக் கொடுத்தார். இரண்டே மைதானம், ஒரே காடு, காட்டுக்குப் போகும் நாளில் கோல்ஃப் கிடையாது. மட்டைப் பைகளுக்குத் தனி வண்டி. இரண்டு மதியங்களுக்கு நேராக 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்.

முதலாளி அதில் விரலை வைத்தார். "ஒன்றுமில்லைன்னு எழுதி யாருக்கு விக்கறது அக்கா?"

"ஓய்வுன்னு போடுங்க."

"ஓய்வெடுக்க அவங்கவங்க வீடு இருக்கே."

வாக்குவாதம் வாசல்வரை கேட்டது. கடைசியில் பழையதும் இருக்கட்டும், புதியதும் இருக்கட்டும் என்று முடிவானது. வீட்டில் கணவரிடம் புதிய திட்டத்தைக் காட்டியிருக்கிறார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு போவா?" என்று கேட்டாராம். அன்றைக்கு அவரோடும் பேச்சு இல்லை.

நாலு மாதம் கழித்துப் பல் டாக்டர் போன் செய்தார். இந்த வருடம் பதினாறு பேர் வருகிறார்களாம். அக்கா உற்சாகமாகப் புதிய திட்டத்தை விளக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம் வேண்டாம்மா. போன தடவை போட்டதையே போடுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க."

"டாக்டர், போன தடவை நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டீங்க."

"கஷ்டமா? எங்க வாழ்க்கையிலயே அதுதான் நல்ல டூர். ஜட்ஜ் காட்டு வாசல்ல உக்காந்த கதையை இன்னும் சொல்லிச் சிரிக்கறோம். என் வீட்டுக்காரி அந்த யானைப் படத்தைப் பெருசாக்கி ஹால்ல மாட்டியிருக்கா."

"கையுறையை மேஜைமேல எறிஞ்சீங்களே."

"நானா? சேச்சே, இருக்காது."

அக்கா இருபது நிமிடம் மன்றாடினார். புதிய திட்டத்தில் மைதானம் ஒன்று குறைகிறது, கோட்டை இல்லை, அதே எட்டு நாளுக்கு இதை எப்படி எடுப்பது என்று டாக்டர் எண்ணிக் காட்டினார். அக்கா போனை வைத்தார். "குறையும் சொல்வாங்களாம், அதையே கேப்பாங்களாம்," என்று என் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டு, பழைய கோப்பைத் திறந்து தேதிகளை மட்டும் மாற்றினார்.

கூடப் போக அக்காதான் வரவேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். "அந்த வாரம் எனக்கு லீவு," என்று அக்கா முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கும் போகவில்லை. வீட்டில் இருந்தார். ஐந்தாம் நாள் மதியம், குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, ஜீப் பழுதாகி நின்னு இப்பத்தான் காட்டை விட்டு வெளியே வந்தோம். டீ டைம் போச்சு. என்ன திட்டம் போடறீங்க நீங்க?" என்று டாக்டர் கத்தினார்.

அக்கா முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு தட்டை மூடி வைத்துவிட்டு, கிளப்புக்குப் போன் போட்டு, கெஞ்சி, இரண்டே முக்காலுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.