இமைக்குள் தங்கம்

தொங்யோங் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகைகளில் யாருக்கும் தனி இடம் என்று எழுதிவைப்பதில்லை. ஆனாலும் ஒரு கொட்டகையில், நீள மேஜையின் முனையில், கடலைப் பார்த்த பக்கம், மியோங்ரேயைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. இருபத்தெட்டு வருடங்களாக அவள் அங்கே நின்றும் உட்கார்ந்தும் சிப்பி உடைத்தாள். கத்தியின் முனையை ஓட்டின் இடுக்கில் கொடுத்து மணிக்கட்டை ஒரு திருப்பு. அவ்வளவுதான், சதை கிழியாமல் முழுசாக வாளியில் விழும். சாயங்காலம் வாளிகளைத் தராசில் வைத்தால், ஐம்பது கிலோவுக்குக் குறைந்ததாக ஒருநாளும் கிடையாது. பக்கத்தில் உட்காரும் ஓக்பூன் மட்டும் சில நாள் நெருங்கி வருவாள், நாற்பத்தெட்டில் நின்றுவிடுவாள்.

சிப்பிப் பருவம் முடியப்போகிற ஒரு மார்ச் மாதக் காலையில், வாய் கொப்பளித்த தண்ணீர் மியோங்ரேயின் வலது கடைவாயில் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தின் வலது பாதி இன்னொருத்தி முகம்போலச் சரிந்து கிடந்தது.

எல்லோரும் சொல்கிறபடி குளிர்க்காற்று பட்டதால் வந்தது என்று உடம்பில் ஊசி குத்தி வைத்தியம் பார்ப்பவரிடம் போனாள். பெரிய ஆஸ்பத்திரியிலும் மாத்திரை தந்தார்கள். "முக்கால்வாசிப் பேருக்குச் சரியாப் போயிடும்" என்றார்கள். மியோங்ரேக்கு வாய் கொஞ்சம் திரும்பியது. கண் மட்டும் மூட மாட்டேன் என்றது. மூடச் சொன்னால் கருவிழி மேலே ஓடி, வெள்ளை விழி வெறித்துக்கொண்டு நிற்கும். படுக்கும்போது அவள் கணவன் தொக்மன் இமையைக் கீழே இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவான். படகுக் கயிறு பிடித்த முரட்டு விரல் அது. பிளாஸ்திரி ஒட்டும்போது மட்டும் பஞ்சுபோல ஆகிவிடும்.

அக்டோபரில் பருவம் தொடங்கியதும் அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, ஒத்தக் கண்ணால என்னை முறைக்கிறே?" என்றாள் ஓக்பூன்.

"நீ என் வாளியிலேர்ந்து சிப்பி திருடுறியான்னு பாத்துக்கிட்டிருக்கேன். இது தூங்காத கண்ணு."

கொட்டகையே சிரித்தது. மியோங்ரேயும் பாதி முகத்தால் சிரித்தாள். முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னவர்களிடம், "எதுக்கு? சிப்பிக்கு என்னைப் பாத்து வெக்கமா?" என்று கேட்டாள்.

ஆனால் கண் தாங்கவில்லை. உப்புத்தண்ணீர் தெறிக்கும், ஓட்டுத்தூள் பறக்கும். மற்றவர்களுக்கு இமை தானாகச் சிமிட்டிக் காப்பாற்றும். அவளுக்கு அந்தக் கதவு திறந்தே கிடந்தது. கண்ணாடி போட்டால் ஆவி படிந்து மறைத்தது. வீடுதோறும் சிப்பி சேர்த்துக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நவம்பர் மாதம், சியோலிலிருந்து ஆர்டர் குவிந்த நேரத்தில், ஒரு துணுக்கு ஓடு நேராகக் கருவிழியில் பட்டது. கண் சிவந்து, சீழ் கட்டி, வெளிச்சமே ஆகாமல் போனது.

மேஸ்திரி ஹ்வாங் அவளைவிடப் பத்து வயது சின்னவன். தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இனிமே நீங்க பின்னால பெட்டி ஒட்டுங்க. கண்ணு போச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"பெட்டி ஒட்டவா? நானா?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் அதிகமாக வலித்தது. அன்று கத்தியைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஜின்ஜு நகரத்துக் கண் டாக்டர் சோன் என்கிற பெண்மணி, முதலில் புண்ணை ஆற்றினார். பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நகம் அளவுக்குச் சின்னச்சின்னத் தகடுகள்.

"அம்மா, கண்ணைத் தெறக்கிற நரம்பு வேற, மூடுற நரம்பு வேற. உங்களுக்குத் தெறக்கிறது நல்லாத்தான் இருக்கு. மூடுறதுதான் செத்துப்போச்சு. அதனால மேல் இமைக்குள்ள கனமா ஒண்ணு வச்சுத் தெச்சிட்டா, நீங்க தளர்த்தினதும் இமை தானா எறங்கிடும்."

மியோங்ரே யோசித்தாள். "வலையில குண்டு கட்டுற மாதிரியா?"

"அதே மாதிரிதான்!"

"எங்க வலைக்கு ஈயம்தான் கட்டுவோம்."

"ஈயம் உடம்புக்கு ஆகாது. இது தங்கம். மெல்லிசா இருக்கும், கனமாவும் இருக்கும், உள்ள ஒண்ணும் பண்ணாது."

டாக்டர் ஒவ்வொரு தகடாக இமைக்கு வெளியே ஒட்டிப் பார்த்தார். முதல் தகட்டுக்குப் பாதி மூடியது. அடுத்ததற்கு ஒரு மயிரிழை வெள்ளை தெரிந்தது. மூன்றாவது ஒரு கிராமுக்குச் சற்று மேல். "இப்ப மூடுங்க" என்றார். மியோங்ரே மூடினாள். இருட்டிவிட்டது. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக, யார் விரலும் படாமல் இரண்டு கண்ணுக்கும் இருட்டு. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தெறக்கச் சொல்லாதீங்க டாக்டரம்மா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

இமையை மட்டும் மரக்கவைத்து, விழித்திருக்கும்போதே அறுவை செய்தார்கள். முக்கால் மணி நேரம். ஓக்பூன் கடற்பாசி சூப்பும் சோறும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பார்க்க வந்தாள்.

"இந்த வயசுல கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி அழகி ஆகப்போறியா? அதுவும் தங்கத்துல!"

"அன்னிக்கு நாடு கடன்ல நொடிச்சுக் கெடந்தப்ப, சனங்ககிட்ட தங்கம் கேட்டாங்கன்னு என் மக மொதப் பொறந்தநாளு தங்க மோதிரத்தைக் கழட்டிக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? அதுல ஒரு துண்டு திரும்பி வந்திருக்கு."

மல்லாந்து படுத்தால் தங்கத்தின் கனம் பின்பக்கம் இழுத்து இமை திறந்துகொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தொக்மன் இரண்டு தலையணையை அடுக்கிச் சரிவாக வைத்துக்கொடுத்தான். பிளாஸ்திரிச் சுருளை அவள் தூக்கிப் போடப் போனபோது மட்டும், "இருக்கட்டும், படகுக்கு ஆகும்" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் ஆறு வாரம் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்றார். மியோங்ரே ஒரு நாளும் குறைக்காமல் ஆறு வாரம் இருந்தாள். பிப்ரவரி நடுவில், டாக்டர் எழுதித் தந்த காகிதத்தோடு கொட்டகைக்கு வந்து ஹ்வாங் முன்னால் நின்றாள். அவன் முகத்துக்கு நேரே மெதுவாக ஒருமுறை இமைத்தாள். வலது இமை ஒரு நொடி பின்தங்கி, ஆனால் முழுசாக, இறங்கி ஏறியது.

"இப்பப் பதில் சொல்லத் தெரியுமா உனக்கு?"

ஹ்வாங் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "உங்க எடம் காலியாத்தான் இருக்கு, அக்கா."

முதல் நாள் கைப்பழக்கம் விட்டுப்போய் நாற்பத்தொரு கிலோதான் வந்தது. ஓக்பூன் நாற்பத்தேழு. இருபத்தெட்டு வருடத்தில் அவளுக்கு அது முதல் வெற்றி. கொட்டகை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஓட்டுத்தூள் பறந்தபோதெல்லாம் மியோங்ரேயின் இமை இறங்கித் தடுத்தது. பன்னிரண்டாம் நாள் தராசு ஐம்பத்திரண்டு காட்டியது. "தங்கத்தோட எடையும் சேத்துப் போட்டுட்டா!" என்று ஓக்பூன் கத்தினாள்.

அடுத்த பருவத்தில், கம்பெனி சிப்பிப் பெட்டிமேல் உடைக்கிறவர்களின் படத்தைப் போட முடிவு செய்தது. பன்னிரண்டு பெண்கள் ரப்பர் ஏப்ரனோடு வரிசையாக நின்றார்கள். மியோங்ரே நடுவில். படக்காரர் தயங்கித் தயங்கி, "அம்மா, கொஞ்சம் இடது பக்கம் காட்டி நில்லுங்களேன். இல்லாட்டி கம்ப்யூட்டர்ல நேராக்கிடலாம்" என்றார்.

"நேராக்கினா அது எந்த ஊர்க்காரி மூஞ்சி? இந்தக் கொட்டகையில அப்படி ஒருத்தி இல்லையே!"

எடுத்த படங்களைப் பார்த்து எல்லோரும் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தார்கள். மியோங்ரே தலையாட்டி, வேறொன்றைத் தொட்டுக் காட்டினாள். அதில் பதினோரு பேர் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் இமைத்திருந்தாள்.

"இதுல நீ கண்ண மூடியிருக்கேடி!" என்றாள் ஓக்பூன்.

"ஆமாம். ரெண்டையும்."

ஓக்பூன் படத்தை மறுபடி பார்த்தாள். பிறகு ஹ்வாங் பக்கம் திரும்பி, "இதையே போடுப்பா" என்றாள்.

தேகுவில் இருக்கும் மகள் ஹேவொன், கடையில் பெட்டியைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்தாள். அம்மா படம் என்று கடைக்காரனிடம் சொன்னாளாம். தூங்குறாங்களா என்று அவன் கேட்டானாம்.

"நீ என்ன சொன்னே?"

"எங்கம்மா நெனச்சப்ப மூடுவாங்க, நெனச்சப்ப தெறப்பாங்கன்னு சொன்னேன்."

மியோங்ரே போனை ஒலிபெருக்கியில் போட்டு, கொட்டகை மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.