பூட்டிய வீடுகளின் ஓட்டு

இந்த நாட்டில் யாராவது என்னைப் பார்த்துக் கைகூப்பினால், எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மாதந்தோறும் காவல் நிலையத்துக்குப் போய், இன்னமும் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருகிற யாழ்ப்பாணத்துக்காரி நான். தேர்தல் நெருங்கியதும், மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்து ஒரு கட்சிக்காரர் என்னைக் கும்பிட்டார். "எனக்கு வாக்கு இல்லை" என்றேன். "வாக்குலாம் இன்னாத்துக்கு மேடம், ஓட்டு குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டு நோட்டீஸை நீட்டினார். எங்கள் ஊரில் வாக்கு என்றால் அதுதான் ஓட்டு. நான் ஏதோ சத்தியம் செய்து தர மறுக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கீழ் வீட்டில் என் வீட்டுக்காரர்கள், கல்யாணி மாமியும் மாமாவும். மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்கள். ஈழத்து ஆள் என்றதும் மற்றவர்கள் கதவைச் சாத்திய நாட்களில் எனக்கு அறை தந்தவர்கள். அந்தக் கோடை முழுக்க அவர்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: குழாயில் தண்ணீர் இல்லை, லாரி வருவதில்லை, கேட்பதற்கு நாதி இல்லை. வாக்குப்பதிவு அன்று காலை, எப்போது போகிறீர்கள் என்று மாமியிடம் கேட்டேன்.

"நாங்க எங்கேடி போறோம்? வெய்யில்ல நின்னுண்டு யார் ஓட்டுப் போடறது? யார் வந்தாலும் நம்மாத்துக் குழாய்ல காத்துதான் வரப்போறது."

மாமா தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "லீவு விட்டிருக்கான், நிம்மதியா இருக்கலாமேன்னு பார்த்தா..."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் ஊரில் ஒரு தேர்தல் நாள் நினைவுக்கு வந்தது. சந்திக்குச் சந்தி துப்பாக்கியோடு ஆட்கள். வாக்களிக்கப் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று மின்கம்பத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பெட்டிகள் எண்ணுகிற இடத்துக்குப் போய்ச் சேரா என்றும் ஊரெல்லாம் பேச்சு. என் அக்கா நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். அம்மா வாசலை மறித்தார். "களவெடுக்கிறதெண்டா எடுக்கட்டும் அம்மா. வெறும் பெட்டியை வைச்சு அவங்களுக்குச் சுகம் குடுக்கேலாது" என்று சொல்லி, அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நாங்கள் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இங்கே துப்பாக்கி இல்லை. மிரட்டல் இல்லை. ஐந்து நிமிட நடையில் பள்ளிக்கூடம். வெய்யிலாம்! வாடகைக்கு இருப்பவள் என்பதையும் மறந்து, அக்காவின் கதையை மாமியிடம் கொட்டினேன். "வரிசையில நிக்க மாட்டியள், பிறகு தண்ணிக்கு ஆரைத் திட்டுறியள் மாமி?" என்றும் கேட்டுவிட்டேன். மாமி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். மூன்று மணிக்கு மேல் முகம் கழுவிக்கொண்டு வந்து, "நீயும் துணைக்கு வா" என்றார்.

நான் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். உள்ளே போன மாமி சற்று நேரத்தில் முகம் சிவந்து வெளியே வந்தார். "என் ஓட்டை யாரோ போட்டுட்டாளாம்டி. நான் இங்கே உசிரோட நின்னுண்டிருக்கேன்." அதைவிட அவரைச் சுட்டது வேறு. நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஒருவர்தான் கட்சி ஏஜென்ட்டாக உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "நீங்கதான் எப்பவும் வரமாட்டீங்களே மாமி, இன்னிக்கு இன்னா திடீர்னு?"

எந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்று திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிய வைத்தது யார்? படித்தவர்கள், பத்திரிகை வாசிப்பவர்கள், அரசியல் ஒரு சாக்கடை என்று காபி குடித்துக்கொண்டே சொல்பவர்கள். அவர்கள் வராதது இந்தத் தெருவில் ஒருவர் நம்பித் திட்டம் போடும் அளவுக்கு உறுதியான விஷயமாகிவிட்டது. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் இழந்ததை, இவர்கள் நாற்காலியில் சாய்ந்தபடி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

மாமி வீட்டுக்குத் திரும்பவில்லை. மறுபடி உள்ளே போய், ஓட்டைப் பறிகொடுத்தவர்களுக்குச் சட்டப்படி தரவேண்டிய தனி வாக்குச்சீட்டைத் தராமல் நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாமா தேடிக்கொண்டு வந்து, "தனிக் கவர்ல போட்டு வெச்சுடுவா, எண்ணக்கூட மாட்டா. வா, ஆத்துக்குப் போகலாம்" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார். "எண்ணாட்டா போறது. நான் வந்தேன்னு இருக்கட்டும். நீங்களும் உங்க ஓட்டு இருக்கான்னு பாருங்கோ" என்று மாமியின் குரல் கேட்டது. மாமா என்னை ஒருமுறை முறைத்தார். பிறகு ஆண்கள் வரிசையில் போய் நின்றார்.

பெண்கள் வரிசையில் கைக்குழந்தையோடு நின்றவள் என்னைக் கூப்பிட்டாள். "யக்கா, எடத்த கொஞ்சம் பாத்துக்க. புள்ள அழுவுது, தண்ணி குடுத்துட்டு வந்துடறேன்." மறுக்கத் தோன்றவில்லை. அவள் இடத்தில் நின்றேன். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். முன்னால் நின்றவள் புடவைத் தலைப்பால் விசிறியபடி, "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள். நான் தலையாட்டினேன். வகுப்பறைக் கதவும், உள்ளே மேசைமேல் இருந்த பெட்டியும் தெரிந்தன. எனக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது குழந்தைக்காரி ஓடி வந்து, "தேங்க்ஸ்க்கா" என்றாள். நான் விலகி அவளை உள்ளே விட்டேன்.